ப்ரூஃப்லாஸ் எங்கே போனான்?

இந்த வாரம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது ஒரு புதிய ஆங்கிலக் கையேடு. 'சாலமோனின் சிறிய திறவுகோல்' என்ற பழைய மந்திர நூல் பட்டியலிடும் 72 பேய்களோடு இந்தக் காலத்து மனிதர் எப்படிப் பழகலாம் என்று அது சொல்லித் தருகிறது. மிரட்டாதீர்கள், மரியாதையாக அழையுங்கள் என்கிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய முறையில் மந்திரவாதி ஒன்பது அடி வட்டத்துக்குள் பத்திரமாக நின்றுகொள்வான்; பேய் வெளியே ஒரு முக்கோணத்துக்குள் வந்தாக வேண்டும். அடம்பிடித்தால், அதன் முத்திரையைக் கந்தகத்தோடும் பெருங்காயத்தோடும் ஒரு கறுப்புப் பெட்டியில் போட்டு, இரும்புக் கம்பி சுற்றி, வாள்முனையில் தொங்கவிட்டு நெருப்பில் வாட்டுவான். இதைக் கைவிடுவது நல்லதுதான்.

என் கோபமெல்லாம் முன்னுரை மேல். சாலமோன் காலம் முதல் மாறாத சடங்கை இவர்கள்தான் முதலில் மாற்றுகிறார்களாம்! அந்த நூலின், நமக்குக் கிடைத்திருக்கும் சுவடிகளே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1904இல் மந்திரவாதி அலிஸ்டர் குரோலி அதை அச்சிட்டபோது, ஒரு கிரேக்கப் பாப்பிரஸ் மந்திரத்தை முன்னால் சேர்த்தார். அது பேயை விரட்டும் மந்திரம். விரட்டுவதற்கு இருந்ததை அழைப்பதற்கு முன்னோதலாக்கினார். இதைவிடப் பெரிய மாற்றம் வேறென்ன?

அந்தப் பட்டியலின் பூர்வீகம் அந்த முன்னுரையில் இல்லை.

சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்கள் நோயாளிகள், அவர்களுக்கு வேண்டியது வைத்தியம் என்று வாதாடிய மருத்துவர் யோகான் வையர். 1577இல் அவர் 69 பேய்களின் பட்டியலை வெளியிட்டார். யாரும் பயன்படுத்திவிடக் கூடாதென்று சில பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அதை 1584இல் ஆங்கிலத்தில் தந்தவர் ரெஜினால்ட் ஸ்காட். கென்ட் பகுதிக்காரர், அதற்கு முன் அவர் எழுதியது பீருக்கான ஹாப்ஸ் கொடி வளர்ப்பு பற்றி. இத்தனை அபத்தத்தையா நம்புகிறீர்கள் என்று கேட்கத்தான் பட்டியலைத் தந்தார். அவர் மொழிபெயர்ப்பில் ப்ரூஃப்லாஸ் என்ற பேய் விடுபட்டுப்போனது. சாலமோன் பெயரிலுள்ள நூலிலும் அதே பேய் இல்லை. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்காட்டை எழுத வைத்தது மார்கரெட் சைமன்ஸ் போன்றவர்களின் கதை. பாதிரியாரின் மகன் அவள் நாயைக் கத்தியோடு துரத்திக்கொண்டு வந்தான், அவள் திட்டினாள். சில நாளில் பையன் படுத்துவிட்டான். பாதிரியாருக்கும் கோயிலில் வாசிக்கக் குரல் எழவில்லை. இரண்டுக்கும் அவளுடைய சூனியம்தான் காரணம் என்றார் அவர். அக்கம்பக்கத்தார் சிலர், பாதிரியாரின் தொண்டைக்குக் காரணம் மேகநோய் என்றார்கள். 1581இல் ராச்செஸ்டர் நீதிமன்றம் அவளை விடுவித்தது. அவளைப் போன்ற பலருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஸ்காட்டின் நூலை, பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான ஜேம்ஸ் 1597இல் பெயர் சொல்லித் தாக்கினார். 1665 பதிப்பிலோ யாரோ மந்திர அத்தியாயங்களைச் சேர்த்து, அதையே மந்திர நூலாக்கிவிட்டார்கள்.

சடங்கைத் தாராளமாக மாற்றுங்கள். எல்லாக் காலத்திலும் மாற்றித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த பதிப்பின் முன்னுரையிலாவது வையர், ஸ்காட் இருவர் பெயரையும் போடுங்கள். நீங்கள் இன்று மரியாதையாக அழைக்கும் பெயர்கள், பெண்களைத் தீயிலிருந்தும் தூக்கிலிருந்தும் காப்பாற்ற எழுதியவர்கள் வழியாக வந்தவை.