ரகரத்தில் தொடங்கும் பாட்டு

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுது, முன்னர் என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். யப்பான் நாட்டிலே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணிக்குச் செல்லவிருக்கிறாள். அதன்பொருட்டு அந்நாட்டு மொழியைச் சில மாதங்களாகக் கற்று வருகிறாள். கையிலே எழுத்து அட்டை ஒன்று வைத்திருந்தாள்.

“சேர், இதை ஒருக்கால் பாருங்கோ. எங்கட அரிச்சுவடி மாதிரியெல்லே கிடக்குது!” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். முதல் வரிசையில் அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து உயிர்கள். அவற்றின் பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று மெய்யேறிய வரிசைகள். ஹகரம் ஒன்றே இடறுகிறது. பழைய யப்பானிய மொழியில் அந்த ஒலி பகரமாக இருந்ததென்று மொழிநூலார் கூறுவர். அங்கே பகரத்தை வைத்துப் படித்தால், நம் சிறுவர் ஏட்டுப் பள்ளியிற் கூவும் முறை அப்படியே வந்துவிடுகிறது.

இது தற்செயலன்று. பௌத்தத் துறவிகள் மந்திரங்களைப் பிழையின்றி ஓதும்பொருட்டு ‘சித்தம்’ எனப்படும் இந்திய எழுத்து முறையை யப்பானிலே பயின்றார்கள். மிடற்றிலே தொடங்கி இதழிலே முடியும்படி ஒலிகளை அடுக்குகின்ற பாரத நாட்டு ஒலிநூல் அவ்வழியே அங்கு சென்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அத்துறவிகள் தம் எழுத்துகளையும் அவ்வாறே அடுக்கிப் பார்த்தனர். ஆயினும் பொதுமக்களிடம் நெடுங்காலம் வழங்கியது ‘இரோஹா’ என்னும் வேறொரு முறை. நாற்பத்தேழு எழுத்துகளும் ஒவ்வொன்றும் ஒருமுறையே வருமாறு நிலையாமையைப் பாடும் செய்யுள் அது. இன்று கிடைக்கும் அதன் மிகப் பழைய பிரதி 1079 ஆம் ஆண்டினது. இக்காலத்து அகராதிகள் நமக்கு அறிமுகமான வரிசையையே பின்பற்றுகின்றன.

“எழுத்து வந்திட்டுது சேர். விளையாட்டுத்தான் பயமாக் கிடக்குது” என்றாள் பிள்ளை.

முதியோர் இல்லங்களிலே பொழுதுபோக்காக அடிக்கடி நிகழ்வன இரண்டாம். ஒன்று ‘ஷிரிதோரி’ என்னும் சொல்விளையாட்டு; மற்றது கரோக்கே. இரண்டிலும் பராமரிப்பவர்களும் கலந்துகொள்ள வேண்டும். வாய் திறவாது நின்றால் முதியவர்கள் தன்னை அந்நியளாகவே கருதிவிடுவார்களோ என்பது அவளுடைய அச்சம். பரீட்சையிலே இலக்கணத்துக்கு எண்பது புள்ளி பெற்றவளுக்குச் சிறுவர் விளையாட்டிலே நடுக்கம்! எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. ஒரு மொழியின் வீட்டு வாயில் விளையாட்டிலேதான் இருக்கிறது.

ஷிரிதோரி என்றால் பின்புறத்தைப் பற்றுதல் என்று பொருள். ஒருவர் சொன்ன சொல்லின் ஈற்றெழுத்தை முதலாகக் கொண்டு அடுத்தவர் ஒரு பெயர்ச்சொல் கூறவேண்டும். நம் அந்தாதியும் இந்தியாவின் அந்தாட்சரியும் இதன் உறவினர் எனலாம். ‘ன்’ ஒலியில் முடியும் சொல்லைக் கூறியவர் தோற்றார். ஏனெனில் அவ்வெழுத்திலே தொடங்கும் சொல் அம்மொழியில் இல்லை. (நமக்கும் னகரம் மொழிக்கு முதலாகாதே!) தேர்ந்த ஆட்டக்காரர் வேறொரு சூழ்ச்சியும் செய்வர். ‘ரு’ என்று முடியும் சொற்களையே தேடித்தேடி எதிரியிடம் தள்ளுவர். ‘ரு’வில் தொடங்கும் சொற்கள் மிகச் சிலவாகையால் எதிரி விரைவிலே விழிபிதுங்கி நிற்பார்.

முதலெழுத்தைக் கொண்டு ஆடும் ஆட்டம் அங்கே நேற்று முளைத்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புஜிவாரா நோ தேய்க்கா என்னும் புலவர் நூறு புலவரிடமிருந்து ஒவ்வொரு பாட்டாகத் தொகுத்தார். அத்தொகுப்பைச் சீட்டுகளாக்கிப் புத்தாண்டிலே ஆடுவர். ஒருவர் பாட்டின் முற்பகுதியைப் படிக்க, மற்றவர்கள் பிற்பகுதி எழுதிய சீட்டைப் பாய்ந்து எடுக்கவேண்டும். நூறு பாட்டுகளில் ஏழுக்கு முதலெழுத்து வேறெந்தப் பாட்டுக்கும் இல்லாதது. ஆகவே அந்த ஓரெழுத்துக் காதில் விழுந்தவுடனே கை பாயும். அகரத்தில் தொடங்குவனவோ பதினாறு. அங்கே செவி இன்னும் சிறிது பொறுத்திருக்க வேண்டும்.

கரோக்கேக்கு வருவோம். ‘கரா’ என்றால் வெறுமை. ‘ஓக்கே’ என்பது வாத்தியக் குழுவைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லின் குறுக்கம். பாடகன் இல்லாத பக்கவாத்தியம் என்று கொள்க. 1967 இலே டோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி என்பவர் இத்தகைய பெட்டியொன்றைச் செய்தார். 1971 இலே கோபே நகரத்து வாத்தியக்காரர் டைசுக்கே இனோவே தாமும் ஒன்றைச் செய்து மதுச்சாலைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். ஆக்கவுரிமை பெறாது விட்டதால், உலகெங்கும் பரவிய அந்தத் தொழிலின் பெருஞ்செல்வம் அவர் கைக்கு வரவில்லை. 2004 ஆம் ஆண்டு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ‘இக் நோபல்’ சமாதானப் பரிசு மட்டும் வந்தது. ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளக் கற்பதற்கு மனிதருக்கு முற்றிலும் புதிய ஒரு வழியைத் தந்தாராம்!

தொலைபேசி விபரக்கொத்துப் போன்ற தடித்த பாட்டுப் புத்தகங்கள் முன்னர் ஒவ்வொரு கரோக்கே அறையிலும் கிடந்தன. இன்று அவற்றின் இடத்தைக் கையடக்கத் திரைகள் பிடித்துக்கொண்டன. எழுத்து வரிசை மாறவில்லை. உலகம் ‘சுகியாகி’ என்றறிந்த, 1963 இலே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற கியூ சகமோட்டோவின் பாட்டை நம் மாணவி சகர வரிசையிலே தேடி அலுத்துப்போனாளாம். அதன் இயற்பெயர் ‘உவே ஓ முயிதே அருகோ’, உகரத்திலேதான் அகப்படும். இறைச்சிக் கறியொன்றின் பெயரை அந்தப் பாட்டுக்குச் சூட்டியவர்கள் மேனாட்டு வணிகர்.

பாட்டின் பெயர்களைக் கொண்டும் ஷிரிதோரி ஆடலாம். ஓரெழுத்தை எடுத்துக்கொண்டு அதில் தொடங்கும் பாட்டுகளை மாறிமாறிப் பாடலாம். “உனக்கு எந்த எழுத்து வராது?” என்று கேட்டேன். “ரகரம் வந்தால் துலைஞ்சன் சேர்” என்றாள்.

ரகர வரிசைப் பாட்டுகளை இருவருமாக எழுதிப் பார்த்தோம். 1987 இலே ‘ரிந்தா ரிந்தா’, 1995 இலே ‘ரொபின்சொன்’, 1999 இலே ‘ராபு மஷீன்’, 2018 இலே ‘ரெமொன்’. லகரம் அம்மொழியில் தனியே இல்லாமையால் ‘லவ்’வும் ‘லெமன்’உம் ரகரத்திலே வந்து நிற்கின்றன. ஒன்றாவது யப்பானியச் சொல்லா? அத்தனையும் மேனாட்டு வரவு. பின்னைய மூன்றும் ‘ன்’ ஒலியில் முடிவதால் ஷிரிதோரியிலே சொன்ன மாத்திரத்திலே தோல்வி. ‘ரிங்கோ நோ உத்தா’ என்னும் ஆப்பிள் பாட்டு மட்டும் பழந்தோற்றம் காட்டுகிறது. ஆனால் ரிங்கோ என்பது சீனத்திலிருந்து வந்த சொல்.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1945 ஒக்டோபரில், யுத்தம் முடிந்து இரண்டு மாதத்துக்குள், ஒரு திரைப்படத்திலே அது வெளிவந்தது. பாடிய மிச்சிக்கோ நமிக்கி, அதே ஆண்டு மார்ச்சில் டோக்கியோமீது நிகழ்ந்த குண்டுவீச்சிலே தாயைப் பறிகொடுத்தவர். சாம்பலான நகரிலே செந்நிறக் கனியொன்றைப் பற்றிய அந்த எளிய பாட்டு எல்லோர் வாயிலும் புகுந்தது. முதியோர் இல்லத்திலே அதை அறியாதவர் அரியர் என்றே நினைக்கிறேன். முதலில் அதையே கற்றுக்கொள்ளும்படி கூறினேன்.

“தமிழிலையும் ரகரம் முதலிலை வராதெல்லே சேர்? அப்ப இரண்டும் ஒரே குடும்பமோ?”

நல்ல கேள்வி. ரகரமும் லகரமும் மொழி முதலாகா என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் விதி. அதனாலேதான் இராமன், உலோகம் என்றெழுதுகிறோம். ரஷ்யாவை நாம் உருசியா என்றது போலவே, பழைய யப்பானியர் ‘ஓரோஷியா’ என்றனர். பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளுக்கும் உறவுண்டென்று வாதிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவ்வாய்விலே அவருடன் உழைத்தனர். அவ்வுழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் மொழிநூலாரிற் பெரும்பாலோர் அம்முடிபை ஏற்கவில்லை. மொங்கோலியரும் ரஷ்யரை ‘ஓரோஸ்’ என்கின்றனர். கொரிய மொழியும் முதல் ரகரத்தை வெறுக்கிறது. ஒரே கதவைப் பூட்டிவைத்திருக்கும் வீட்டாரெல்லாம் ஒரே குடும்பத்தவராகிவிட மாட்டார்கள். இதைக் கேட்டு அவள் முகம் சற்றே வாடியது. எனக்கும் அந்த உறவிலே ஆசை இல்லாமலில்லை.

வாட்டம் தீர ஓர் அந்தாதி கட்டிக் கொடுத்தேன். ‘ரூபி நோ யுபிவா’ (1981), மாணிக்க மோதிரம், ‘வா’வில் முடியும். அதைப் பற்றி ‘வைன் ரெட்டோ நோ கொகொரோ’ (1983). அதன் ‘ரோ’வுக்கு ‘ரொமான்சு’ (1975). சோப்பு, பல்பு என்று நாம் செய்வதுபோல ஈற்றிலே உகரம் சேர்த்திருப்பதைக் காண்க. அதன் ‘சு’வுக்கு ‘சுபாரு’ (1980), நமது கார்த்திகை விண்மீன் கூட்டம். ‘ரு’வில் முடிகிறதே என்று அஞ்ச வேண்டா, மீண்டும் மாணிக்க மோதிரம். நம் அந்தாதிகளைப் போலவே மண்டலித்து வந்துவிட்டது. பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள்.

விடைபெற்று வாசலுக்குச் சென்றவள் திரும்பினாள். “பாட்டில்லாமல், ‘ரு’விலை வெறுஞ் சொல் ஒண்டு சொல்லுங்கோ சேர்.”

“ருசு” என்றேன். நம் நீதிமன்றத் தமிழில் அது சான்று. அங்கே அது சீனத்திலிருந்து வந்த வேறொரு சொல். தலைவன் வெளியே செல்ல, வீட்டைக் காத்து இருத்தல் என்பது பழைய பொருள். இன்று, வீட்டிலே ஆள் இல்லாமையைக் குறிக்கிறது.

அவள் தாய் தனியே இருக்கப்போகிற வீட்டை நான் அறிவேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அச்சொல்லை எழுதினாள். அதன் கீழே, ‘சு’வுக்கு, சுபாரு என்று எழுதிக்கொண்டாள்.