வாய்தா எனும் விலங்கு

உரிமை ஏட்டில் எழுதப்படும்போது பிறக்கிறது. ஏழையின் கைக்கு எட்டும்போதுதான் உயிர் பெறுகிறது. ஏட்டுக்கும் கைக்கும் இடையே எத்தனை காத தூரம் என்பதை அறிய விரும்புவோர், ஏதேனும் ஒரு குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் ஒருநாள் காலை நின்று பார்த்தால் போதும். இடுப்பில் குழந்தையுடன் ஒருத்தி. ஆலையில் ஒருநாள் கூலியை இழந்து வந்த ஒருவன். மகளுக்குத் துணையாக வந்து தூணில் சாய்ந்திருக்கும் முதியவர். பெயர் அழைக்கப்படும். எதிர்த்தரப்பு வரவில்லை என்பார்கள். அடுத்த வாய்தா குறிக்கப்படும். கூட்டம் கலையும். இவர்கள் கேட்பது பொன்னா, பொருளா, பதவியா? முறிந்துபோன மணத்தை, முறிந்தது என்று நாட்டின் சட்டம் ஒரு வரியில் எழுதித் தரட்டும் என்று கேட்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு விலை என்ன? அந்த விலையைக் கொடுப்பது யார்?

"இது வீட்டு விவகாரம், அரசியல் ஏட்டில் இதற்கு என்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வரலாறே விடை கூறும். மணவிலக்கு உரிமை எவர் வீட்டுத் திண்ணையிலும் பிறந்ததன்று; சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் போராடிப் பெற்றது. 1949இல் சென்னை மாகாணம், இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழி திறந்து ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கூறி, அண்ணல் அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியை உதறினார். 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. அதிலும், கொடுமையும் கைவிடலும் நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழ்வதற்கு மட்டுமே காரணங்களாயின. மணவிலக்குக்கு அவை காரணங்களாக ஏற்கப்பட 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருவரும் இசைந்து பிரியும் உரிமையும் அந்த ஆண்டில்தான் கிடைத்தது. கிறித்தவப் பெண்ணின் நிலை இன்னும் கொடிது. 1869ஆம் ஆண்டின் சட்டப்படி, கணவன் மனைவியின் ஒழுக்கத் தவறு ஒன்றைக் காட்டினால் போதும். மனைவியோ, அத்துடன் கொடுமை அல்லது கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அந்த அநீதி 2001இல்தான் ஒழிந்தது.

ஆக, உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் தோழர்களே, கதவின் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவருகே செல்ல ஒவ்வோர் அடிக்கும் சுங்கம் வாங்கினால், அதற்குப் பெயர் விடுதலையா?

சட்டம் தாமதத்தை விரும்பவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 21-பி பிரிவைப் படித்துப் பாருங்கள். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது. வழக்கை நாள்தோறும் தொடர்ந்து நடத்த வேண்டும் என்கிறது. 24ஆம் பிரிவைப் படியுங்கள். வருவாயற்ற தரப்புக்கு, அது மனைவியாயினும் கணவனாயினும், வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் மறுதரப்பு தரவேண்டும். அம்மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001இல் திருத்தம் செய்தார்கள். எழுத்தில் குறையில்லை. நடப்பிலோ, ஆறு மாதம் என்பது ஆண்டுகளாக நீள்கிறது. அறுபது நாள் என்பது பல வாய்தாக்களைக் கடக்கிறது.

செலவு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மனுவில் ஒட்டும் நீதிமன்ற வில்லையில் அன்று. அது சிறு தொகை. செலவு நாள்களில் இருக்கிறது. மாதம் ஒரு வாய்தா என்று கொண்டாலும், மூன்று ஆண்டில் 36 நாள். 36 நாள் கூலி போயிற்று. 36 முறை பேருந்துக் கட்டணம். துணைக்கு வரும் தாயின் கூலியும் சேர்ந்து போயிற்று. வக்கீல் கட்டணம், குமாஸ்தா செலவு, தட்டச்சுச் செலவு, நகல் செலவு ஆகியவை தனி. "மாதத்தில் ஒருநாள் விடுப்பு என்றால் வேலைக்கே வரவேண்டாம்" என்னும் முதலாளியின் முகம் தனி. மூன்று வயதுக் குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்று தொடங்கிய வழக்கு முடிவதற்குள், அந்தக் குழந்தை பள்ளியில் பல வகுப்புகளைத் தாண்டிவிடும். அந்த இழப்பை எந்த ரசீதில் எழுதுவது?

இந்தச் செலவு இருதரப்புக்கும் சமம் என்று எண்ணிவிடாதீர்கள். பணம் படைத்தவனுக்குத் தாமதம் ஓர் ஆயுதம். இல்லாதவளுக்கு அதுவே தண்டனை. வருமானத்தை மறைக்கிறான், சம்மனை வாங்க மறுக்கிறான், வாய்தா கேட்கிறான், களைத்துப்போய் அவள் கைவிடும்வரை காத்திருக்கிறான். "ஜீவனாம்சம் வேண்டாம், நகைகளும் வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டுவிடச் சொல்லுங்கள்" என்று அவளே சொல்லும் நாள் வருகிறது. அது இசைவு அன்று, சோர்வு. வழக்கில் தோற்கவேண்டியவன், வாய்தாவில் வென்றுவிடுகிறான்.

இருவரும் மனமொப்பிப் பிரிந்தாலும் வழி நீளமே. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுச் செய்தபின் ஆறு மாதம் காத்திருந்து மீண்டும் வரவேண்டும். சேர்ந்து வாழ மனம் மாறக்கூடும் என்பதற்காக வைத்த இடைவெளி அது. நோக்கம் நல்லதே. ஆனால் பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்வோருக்கு அந்த ஆறு மாதம் எதற்கு? 2017இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு கழிந்து, சமரச முயற்சியும் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசித் தீர்ந்துவிட்டால், நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. இதை அறியாமல் இன்னும் எத்தனை பேர் காத்துக் கிடக்கிறார்கள்!

ஒருவர் இசையாவிட்டால் என்ன செய்வது? அப்போது குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். படுக்கையறையும் சமையலறையும் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன. மணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்பதே காரணமாகப் போதும் என்று சட்ட ஆணையம் 1978இல் கூறிற்று. 2009இல் மீண்டும் கூறிற்று. பொருள் இடுக்கண் நேரும் என்றால் மனைவி எதிர்க்கலாம் என்ற பாதுகாப்புடன் ஒரு மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை நிறைவேற்றவில்லை, 2014இல் அவை கலைந்தது, மசோதாவும் மாண்டது. 2023 மே மாதத்தில், அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின் துணைகொண்டு, முறிந்த மணத்தைத் தானே கலைக்க முடியும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. தில்லிக்குச் செல்லப் பணம் உடையவனுக்குக் கிடைக்கும் தீர்வு, திண்டுக்கல்லில் நிற்பவளுக்குக் கிடையாது! நீதிக்கு ரயில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்தின் வழி நீண்டால், மக்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, "இனி நமக்குள் உறவில்லை" என்று எழுதி, நான்கு பேர் சாட்சிக் கையெழுத்திட்டு, முடிந்துவிட்டது என்று வீடு திரும்புகிறார்கள். முடியவில்லை, தோழர்களே! வழக்காற்று மணவிலக்கைச் சட்டம் காப்பாற்றுகிறது, உண்மை. ஆனால் அத்தகைய வழக்காறு தம் சமூகத்தில் நிலைத்திருந்தது என்பதை, அதைச் சொல்பவர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாதபோது, அந்தத் தாள் வெறுந்தாள். அதை நம்பி நடந்த மறுமணம் செல்லாது. இருதார மணக் குற்றம், ஏழாண்டுவரை சிறைக்கும் இடமுண்டு. நம்பி வந்த இரண்டாமவளுக்கு மனைவி என்ற தகுதியே கிடையாது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் பேசவேண்டும். அத்தகைய பஞ்சாயத்துகளில் நடுவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் யார்? பல ஊர்களில் கட்சிக்காரர்கள்தாம். எல்லாக் கட்சியினரும் உண்டு. நம் தோழர்களும் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். "கோர்ட்டுக்குப் போனால் நாசம்" என்று இரக்கத்தோடு கூறுகிறார்கள். ஆனால் அந்தத் திண்ணையில் பெண்ணின் குரல் எத்தனை முறை கேட்கப்பட்டது? தொகை முடிவானபோது அவளைக் கேட்டார்களா, அவள் அண்ணனைக் கேட்டார்களா? பொதுமேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, திண்ணையில் அவள் உரிமையை ஒரு முத்திரைத்தாளில் முடித்து வைப்பது முரண்பாடு. அந்த நாற்காலியில் இனி அமர வேண்டாம். அவளை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

அழைத்துச் செல்வோர் அறிய வேண்டியவை சில உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்ணுக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவிலேயே மனுக் கொடுக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இந்துத் திருமணச் சட்டப்படி மனைவி தான் வாழும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்காகும். இருதரப்பும் சொத்து, வருமானக் கணக்கைப் பிரமாணத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் பெற்ற ஜீவனாம்ச ஆணையை அவன் மீறினால், தவணை விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். தவறினால் பிடியாணைக்கு வழியில்லாமல் போகும். மணவிலக்குத் தீர்ப்பின் நகலை இருதரப்புக்கும் கட்டணமின்றித் தரவேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது, கேட்டுப் பெறுங்கள். தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணம் என்று விரையாதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின், அல்லது மேல்முறையீடு தள்ளுபடியானபின்தான் அந்த உரிமை முழுமையாகிறது.

"விலக்கை எளிதாக்கினால் குடும்பம் குலையாதா?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். குடும்பத்தைக் குலைப்பது தீர்ப்பு அன்று, ஐயன்மீர்! அடியும், குடியும், வரதட்சிணைக் கொடுமையும், கைவிடலும் குலைத்துவிட்ட வீட்டுக்குத்தான் தீர்ப்பு கேட்கப்படுகிறது. சேர்த்துவைக்க முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அதை மனமார வரவேற்போம். முயற்சி தோற்றபின், தாமதத்தால் எந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்தது?

ஆகவே நாம் கேட்போம். பத்து இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்குத்தான் குடும்ப நீதிமன்றம் கட்டாயம் என்ற நிலை மாறட்டும்; வட்டந்தோறும் அதன் அமர்வு வரட்டும். ஆறு மாதம், அறுபது நாள் என்ற சொற்களைக் காப்பாற்றப் போதிய நீதிபதிகளை நியமிக்கட்டும். காரணமின்றி வாய்தா கேட்பவன், வந்து காத்திருந்தவளின் அன்றைய கூலியையும் பயணச் செலவையும் அன்றே கட்டட்டும். முறிந்த மணத்திற்கு உள்ளூர் நீதிமன்றத்திலேயே தீர்வு தரும் சட்டம், மனைவி மக்களின் வாழ்வுக்கு உறுதியளித்து, மீண்டும் நாடாளுமன்றம் வரட்டும்.

அதுவரை, ஒவ்வொரு கிளைக் கழகமும் ஒரு வேலையைச் செய்யலாம். வாய்தா நாளில் அவள் தனியாகப் போகாதபடி, ஒரு தோழர், இயன்றால் ஒரு தோழியர், உடன் செல்லட்டும். சட்டம் தந்ததை வாங்கித் தருவதும் அரசியலே.