ஈய ரவையும் ஒரு கேள்வியும்

அண்மையில் கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் ஒரு மண விருந்துக்குச் சென்றிருந்தோம். பந்தி முடியும் தறுவாயில், நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று தனியே ஒரு சட்டி வந்தது. "இது கடைக்கறி இல்லை, நம் பிள்ளைகள் ராத்திரி போய் அடித்துக்கொண்டு வந்த காட்டு முயல்" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் பெருமை பொங்கிற்று. உண்டுகொண்டிருந்த முதியவர் ஒருவர் முகத்தைச் சுளித்து, பல்லில் சிக்கிய சிறு ஈய ரவை ஒன்றை எடுத்து இலையோரம் வைத்தார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. அந்த ஈய ரவையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அது எங்கிருந்து வந்தது? நாட்டுத் துப்பாக்கியின் குழலிலிருந்து வந்தது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த மருந்தைக் குழல்வாய் வழியே கொட்டி, துணியோ தேங்காய் நாரோ திணித்து, ரவையைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கும் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. குழலின் உட்புறம் வழுவழுப்பானது. திருகு வரிகள் கிடையா. ஆதலால் ரவைகள் குழலை விட்டதும் சிதறிப் பரவும். சில முயலின் தலையில் படும்; சில தொடையில் தைக்கும்; சில மண்ணில் புதையும். ஒரு முறை சுட்டபின் மீண்டும் கெட்டிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் குற்றுயிரான முயல் கிளுவை வேலிக்குள் புகுந்து மறைந்துவிடும். அது விடியும்வரை துடித்துச் சாவதை எந்த வேட்டைக்காரரும் தம் வீரக்கதையில் சொல்வதில்லை.

இதற்கு நம்மவர் கூறும் நியாயங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது பரம்பரை வீரம்" என்பது முதலாவது. வீரமா? இதே வகைத் துப்பாக்கியைத் தோளில் ஏந்தித்தான் திப்பு சுல்தானின் படைவீரர்கள் 1799 வரை கும்பினியாரை எதிர்த்து நின்றார்கள். அவருக்குத் துணைநின்ற தீரன் சின்னமலை, அவர் வீழ்ந்த பின்னும் இந்தக் கொங்கு மண்ணில் போராடி, 1805இல் சங்ககிரியில் தூக்கிலேறினார். வெள்ளையனின் பீரங்கிக்கு முன் நின்ற ஆயுதத்தை, கைவிளக்கின் ஒளியில் கண் கூசி அசையாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு கிலோ முயலுக்கு எதிரே நீட்டிவிட்டு, அதற்கு வீரம் என்று பெயர் சூட்டுவது முன்னோரை வாழ்த்துவதா, வசைபாடுவதா?

"மார்க்கம் வேட்டையை ஆகுமாக்கியிருக்கிறதே" என்பது இரண்டாவது. ஆம், ஆகுமாக்கியிருக்கிறது. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் வேட்டையை அனுமதிக்கிறது. இஹ்ராம் உடையில் இருப்போருக்கு அதையே தடுத்து, மீறினால் பரிகாரமும் விதிக்கிறது. அனுமதியும் வரம்பும் அங்கே சேர்ந்தே வருகின்றன. நம்மவர் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிட்டார்கள்.

துப்பாக்கிக் குண்டு குறித்து ஃபிக்ஹு நூல்கள் பேசுவதை இவர்கள் படித்ததுண்டா? தோழர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) வேட்டைக்கோலைப் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை துளைத்தால் உண்ணலாம், அகன்ற பக்கம் அடித்துக் கொன்றால் உண்ணக்கூடாது என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) விடையளித்தார்கள். இதை அடிப்படையாகக் கொண்டே பிற்கால அறிஞர்கள் ஈயக் குண்டை ஆராய்ந்தனர். டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டு கூர்மையால் அறுப்பதில்லை, சூட்டாலும் வேகத்தின் மோதலாலும் கொல்கிறது என்று கண்டு, அதனால் இறந்தது ஆகாது என்றார். மாலிக்கி மத்ஹபின் பிற்கால அறிஞர் பலர் அதை ஆகும் என்றனர். கருத்து வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வட்டாரங்களின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். அவ்வழிப்படி சுடப்பட்ட முயலை உயிரோடு கைப்பற்றி, பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அது ஹலால். இருட்டில், புதருக்குள், எத்தனை முயல்கள் உயிரோடு கைக்குக் கிடைத்தன? விருந்தில் சட்டியை நீட்டியவர்கள் தம் மனச்சாட்சியைத் தொட்டு விடை சொல்லட்டும்.

உணவுக்கின்றி வீண் களிப்புக்காக ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றாலும் மறுமையில் அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக நிறுத்துவதையும் பெருமானார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். இன்று கொங்கு நாட்டில் காட்டு முயலின்றிப் பசித்திருப்பவர் யார்? மேச்சேரி ஆடு இருக்கிறது; பண்ணைக் கோழி இருக்கிறது; முயலும் காடையும்கூடப் பண்ணையில் வளர்த்து விற்கப்படுகின்றன. பசி தீர்க்க இத்தனை இருக்க, கொறங்காட்டு முயலைத் தேடிப் போவது நாக்கின் சபலம். அதற்கும் மேலாக ஊரார் முன் காட்டும் பகட்டு.

"பயிரைக் காக்க வேண்டாமா?" என்பது மூன்றாவது. இங்கே மட்டும் நாம் குரலைத் தாழ்த்துகிறோம். உழவரின் துயர் மெய்யானது. மலையடிவாரத் தோட்டங்களைக் காட்டுப்பன்றி கிளறிப்போடுகிறது; மயில் கூட்டம் விதைத்ததைப் பொறுக்கித் தின்கிறது. இதை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அது போதவில்லையெனில் இழப்பீட்டுக்கும் வேலிக்கும் போராடுவோம். நாமும் உடன் வருகிறோம். ஆனால் வேட்டைக்காரரே, உம்மைக் கேட்கிறோம்: முயலுக்கென்று கெட்டித்த பொடி ரவை காட்டுப்பன்றியை வீழ்த்துமா? புண்படுத்தி வெறிகொள்ளச் செய்யும், அவ்வளவே. உழவரின் கண்ணீரை உமது விருந்துக்குத் தொட்டுக்கொள்ளாதீர்!

"நரிக்குறவர் சுடவில்லையா?" என்பது நான்காவது. இதுவே நம்மை மிகவும் வெட்கப்பட வைக்கும் வாதம். நாட்டுத் துப்பாக்கியும் காடை கௌதாரியும் அம்மக்களுக்குப் பிழைப்பாயிருந்தன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் வேட்டை உரிமத்துக்கு இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. காட்டை நம்பியிருந்தவர்கள் ஊசிமணி பாசிமணி விற்கத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. வாழ்வை இழந்த அந்த ஏழையைக் காரும் காசும் உள்ளவர் தமக்குக் கேடயமாகப் பிடிப்பது எவ்வகை நியாயம்? சாலையோரத்தில் இரண்டு கௌதாரியோடு நிற்பவர் பிடிபடுகிறார். விலைகொடுத்து வாங்கியவர் விருந்து வைக்கிறார். காட்டுயிரின் இறைச்சியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமே என்பதை அவர் அறியார், அறிந்தாலும் அஞ்சார். உரிமமற்ற துப்பாக்கியை வைத்திருந்தால் ஆயுதச் சட்டப்படி குறைந்தது இரண்டாண்டுச் சிறை என்பதையும் நம் இளைஞர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு முயலுக்காகச் சிறை சென்ற மகனின் பாஸ்போர்ட்டும் வேலையும் திருமணமும் என்னாகும் என்று தாய்மார்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த ரவை ஈயம் என்பதையும் அவர்கள் மறக்க வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ரவையை இலையோரம் வைக்கலாம். கறியில் கரைந்த துகளை எங்கே வைப்பது?

நம் இளைஞர்களுக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டி முடிக்கிறோம். 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சிறுவன், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இது என்ன பறவை என்று மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் ஓடினான். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வழிகாட்டினார். அந்தச் சிறுவனே பின்னாளில் இந்தியப் பறவையியலின் தந்தையெனப் போற்றப்பட்ட சாலிம் அலி. அவர் துப்பாக்கியைத் தொடாதவர் அல்லர். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டவர்தாம். ஆனால் வீழ்ந்த குருவியைக் கையில் எடுத்தபோது அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வியே ஒரு வாழ்நாளாயிற்று. அவர் பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் 1990இல் நிறுவப்பட்டது, நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில்தான்.

ஆனைகட்டி தொலைவில் இல்லை. இரவில் துப்பாக்கியோடு போகும் பிள்ளையை ஒரு நாள் விடியற்காலையில் தொலைநோக்கியோடு காங்கேயத்துக் கொறங்காட்டுக்கு அனுப்புங்கள். வெள்வேல மரத்தடியில் கௌதாரி குரல் கொடுக்கும். கொழுக்கட்டைப் புல்லுக்குள் முயல் காது நிமிர்த்தும். ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை கூறும் உண்மை அப்போது அவனுக்கே புலப்படும். மார்க்கம் அறிந்த பெரியவர்கள் ஒன்று செய்தால் போதும்: அடுத்த விருந்தில் அந்தத் தனிச் சட்டி வரும்போது, "இதை எப்போது, யார், உயிரோடு பிடித்து அறுத்தார்?" என்று சபையில் உரக்கக் கேளுங்கள். விடை வராத சட்டி தொடப்படாமல் திரும்பிப் போகட்டும்.