உழைப்புக்குச் சாட்சி யார்?

சென்ற மாதம் ஒரு மாலை. மேலூருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி மதுரைக்கு வந்திருந்தார். கையில் தடித்த உறை ஒன்று. கதை எழுதுகிறவனைத் தேடி உறையோடு வருகிறவர்கள் சொந்தக் கதையைத்தான் கொண்டு வருவார்கள். ஆகவே சற்றுப் பயந்துகொண்டேதான் உட்காரச் சொன்னேன்.

"அண்ணே, இங்கிலீஷிலே ஒரு கடிதம் எழுதித் தரணும். நான் ஆறு வருஷம் எலக்ட்ரீஷியனா வேலை பார்த்தது நிஜம்னு கனடாக்காரன் நம்புற மாதிரி எழுதணும்" என்றார்.

நடக்காததை நம்பும்படி எழுதுவது என் தொழில். நடந்ததை நம்பும்படி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த உறையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

பாலிடெக்னிக்கில் மின்சாரப் படிப்பு முடித்தவர் அவர். ரியாத்தில் ஒரு கட்டிட ஒப்பந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் கம்பி இழுத்தார். சுவிட்சுப் பெட்டி பொருத்தினார். பிறகு நாலு பேரை வைத்து வேலை வாங்கவும் செய்தார். ஆனால் கம்பெனி அவருக்கு எடுத்த விசா கூலியாள் விசா. ஆகவே இக்காமாவிலும் கூலியாள்தான். விலகும்போது கொடுத்த சீட்டு இரண்டே வரி: இன்னார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, கூலியாளாக இருந்தார். விவரமாக ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டதற்கு, "போகிறவனுக்கு எதற்குக் கடிதம்?" என்று பதில் வந்ததாம். இப்போது தொலைபேசியை எடுப்பதும் இல்லையாம்.

கனடா கேட்பது என்ன? 2015 முதல் நடந்து வரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அயல்நாட்டுத் தொழில்திறனாளர் ஒருவர் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையைக் கேட்டால், இடைவிடாத ஒரு வருஷ முழுநேர வேலையையாவது நிரூபிக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி. மொத்தம் 1,560 மணி. அதற்குக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் வேண்டும். அதில் உத்தியோகம், செய்த வேலைகள், தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், மேலதிகாரியின் பெயரும் கையெழுத்தும், கம்பெனியின் விலாசமும் இருக்க வேண்டும். பதவியின் பெயரைவிடச் செய்த வேலையைத்தான் அவர்கள் ஒத்துப் பார்க்கிறார்கள். ஆக, இந்த இளைஞருக்கு வாழ்வோ தாழ்வோ, அது முழுவதும் ஒரு முன்னாள் முதலாளியின் கையெழுத்தில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற அதிகாரி, இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம் வீட்டுக்குள் வருகிறவனை நாம் விசாரிப்பதில்லையா? அவர்கள் அத்தாட்சி கேட்பது நியாயந்தானே?" நியாயந்தான். கேட்பவன் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் கொடுக்க மறுப்பவன் மேல். மறுப்பதற்கு அவனுக்கு இடங்கொடுக்கும் நம்முடைய சோம்பல் மேல். உழைத்தவனிடம் சாட்சி கேட்கிறார்கள். சாட்சியோ உழைப்பை வாங்கியவனுடைய பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அநியாயம் இங்கேதான் இருக்கிறது.

இது புதிய அநியாயமும் அல்ல. இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஜனங்களை நினைத்துப் பாருங்கள். 1948-ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோல் திறந்தது: 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால், மணமானவர்கள் ஏழு வருஷமும் மணமாகாதவர்கள் பத்து வருஷமும் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் பிரஜையாகலாம். எதைக் காட்டி நிரூபிப்பது? எழுத்தறியாத ஜனங்கள். பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. தினம் விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய செக்ரோல் துரையின் ஆபீசில் இருந்தது. சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரைப் பங்கு போடத்தான் 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று. கொழுந்து கிள்ளிய விரல்களைச் சாட்சியாக எவரும் ஏற்கவில்லை.

அன்று நாம் இரங்கினோம். பாடம் மட்டும் கற்கவில்லை.

சட்டமே இல்லாத உலகமா இது? சவூதி அரேபியாவின் 2005-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தில் 64-ஆவது பிரிவு, தொழிலாளி கேட்டால் சேவைச் சான்றை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. சேர்ந்த நாள், விலகிய நாள், தொழில், கடைசிச் சம்பளம் ஆகியவை அதில் இருக்கும். ஆனால் தொழில் என்ற இடத்தில் இக்காமாவில் உள்ளதைப் பார்த்து எழுதிவிட்டால் பழைய பொய்யே முத்திரையோடு வந்து நிற்கும். ஜெர்மனியில், செய்த வேலை எத்தகையது, எவ்வளவு காலம் என்று எழுதிய சான்று வேலையாளின் உரிமை. கேட்டால் வேலைத் திறனையும் நடத்தையையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம் ஊரில்? 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகளில், நிரந்தரத் தொழிலாளி விலகும்போது சேவைச் சான்று பெறலாம் என்று இருந்தது. அந்தச் சட்டம் பொதுவாக 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கு. ஜவுளிக் கடைக் கணக்கரும், பட்டறைப் பையனும், சிறிய ஆஸ்பத்திரி நர்ஸும் அதற்குள் வரவில்லை. கனடாவுக்கு ரியாத்தும் அயல்நாடு, மதுரையும் அயல்நாடுதான். ரியாத் முதலாளியைத் திட்டுகிற நம் மதுரை முதலாளிகளில் எத்தனை பேர், விலகிப் போகும் பையனுக்கு முகம் சுளிக்காமல் ஒரு கடிதம் கொடுக்கிறார்கள்? நோட்டீஸ் பணத்தைக் கட்டு, பிறகு பார்க்கலாம் என்பதுதானே வழக்கமான பதில்?

இந்த இடைவெளியில்தான் தரகன் நுழைகிறான். அந்த இளைஞரிடமும் ஒருவன் சொல்லியிருக்கிறான்: பணம் கொடுத்தால் கம்பெனித் தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் இரண்டே நாளில் தயார் என்று. உண்மையாக உழைத்தவன் பொய்க் கடிதம் வாங்கலாமா என்று உபதேசம் செய்வது சுலபம். அகப்பட்டால் ஐந்து வருஷம் கனடாவின் கதவு அடைபடும் என்பதையும் சொல்லித்தான் நான் அவரைத் தடுத்தேன். ஆனால் மெய்க் கடிதம் கிடைக்காமலும் பொய்க் கடிதம் காசுக்குக் கிடைப்பதுமாக ஓர் உலகத்தை வைத்திருக்கிறோமே, அதற்கு யார் வெட்கப்படுவது?

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நம் சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். போகும்போது அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்க்கிறார்கள், நல்லது. அதே ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லட்டும். உண்மையில் செய்யப்போகும் வேலை இன்னது என்பது ஒன்று. விலகும் நாளில், செய்த வேலைகளை விவரித்துக் கடிதம் தரப்படும் என்பது மற்றொன்று. படித்துப் போகிறவர்களுக்கும் இந்தக் காவல் வேண்டும். உள்ளூரில் ஒரே ஒரு ஆளை வைத்து வேலை வாங்கும் கடைக்காரருக்கும் இதே கடமை இருக்கட்டும். கடைசி மாதச் சம்பளத்தைப் போல இந்தக் கடிதமும் பாக்கிதான், தயவு அல்ல.

அந்த இளைஞருக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சம்பளச் சீட்டுகள், பாங்குக் கணக்கு, தளத்தில் அவர் பெயருக்கு வந்த உத்தரவுத் தாள்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்தோம். அப்படி வைத்தால் அதிகாரி கவனிக்கலாம், கவனிக்காமலும் விடலாம். எழுந்து போகும்போது அவர் கேட்டார்: "இவ்வளவு நாள் வேலை பார்த்தப்போ ஒரு நாள்கூட என்னை யாரும் நீ எலக்ட்ரீஷியனான்னு கேட்கலையே, அண்ணே?"

கேட்கமாட்டார்கள். வேலை வாங்கும்போது கையைப் பார்ப்பார்கள். கூலி கொடுக்கும்போது காகிதத்தைப் பார்ப்பார்கள். கை செய்ததைக் காகிதத்தில் எழுதித் தரும் கடமையை முதலாளியின் தலையில் சட்டம் சுமத்தும் வரையில், இந்த மாதிரி உறைகளோடு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.