பயிர் நன்று, நாற்றுமேடை வாடலாகாது

இன்றைய இளைஞர் கெட்டொழிந்தனர் என்னும் புலம்பலைச் சந்தியிலும் கேட்கிறோம், சபையிலும் கேட்கிறோம். கைத்தொலைபேசியே கதி, பெரியோர் சொற் கேளார், உழைக்க மனமிலர், கடல் கடந்தோடுவதே கனவு என்று குற்றப்பத்திரிகை நீளுகின்றது. போதைப்பொருள் விளைக்கும் கேட்டையோ, புலம்பெயரும் வேட்கையையோ நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், களையை மட்டுமே எண்ணிப் பயிரைக் காணாதவன் நல்ல கமக்காரனாகான்.

இப்புலம்பல் புதியதுமன்று. 1924ஆம் ஆண்டிலே ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தொடங்கித் தாய்மொழிக் கல்வியையும் சாதிக் கொடுமையின் ஒழிப்பையும் முழங்கியபோது முகஞ் சுழித்த பெரியோர் இல்லாமலில்லை. அவ்விளைஞரே இன்று எமது பெருமைக்குரிய முன்னோராயினர்.

இன்றைய நற்குறிகள் யாவை? பருவமெய்தியதும் பெண்பிள்ளையைப் படிப்பிலிருந்து மறித்து வீட்டிலே இருத்திய காலம் எம்மில் முதியோருக்கு நினைவிருக்கும். இன்றோ, இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவருட் பெண்களே பெரும்பான்மையினர். ஓசையின்றி நடந்தேறிய புரட்சி இது.

டொக்டர், எஞ்சினியர் என்னும் இரு சொற்களுக்கு அப்பால் உலகில்லை என்றிருந்த மயக்கமுந் தெளிந்து வருகின்றது. 2013இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை புகுத்தப்பட்டது. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தாதவரும் தொழிற்பாடங்களைத் தொடர்ந்து கற்பதற்கு 2017இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம் வழி செய்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் போரினாற் பாழ்பட்ட கிளிநொச்சி மண்ணிலே இயங்குகின்றன. மண்ணையும் நீரையும் அறிவியற் கண்கொண்டு நோக்கும் பிள்ளை கமத்தை இழிதொழிலெனக் கருதான்.

விளையாட்டிலும் அவ்வாறே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2023ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியிலே இலங்கைக்காகப் பந்து வீசினார். அரசினர் பாடசாலை மைதானத்திலிருந்தும் அவ்விடத்தை எட்டலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அரசியலிலும் ஒரு குறி கண்டோம். 2022ஆம் ஆண்டு மே 18இல் கொழும்புக் காலிமுகத்திடலிலே முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டபோது சிங்கள இளைஞரும் அருகே நின்றனர். எமது உரிமைக் கோரிக்கை அதனால் நிறைவேறிவிட்டதென நாம் மயங்கவில்லை. ஆயினும், தந்தையர் கேட்க மறுத்த துயரத்தைப் பிள்ளைகள் செவிமடுத்தனர் என்பதைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது.

இந்நன்மைகளுக்கெல்லாம் நாற்றுமேடை எது? 1945இல் கன்னங்கரா நிலைநாட்டிய இலவசக் கல்வியும், அதனால் ஊர்தோறும் தழைத்த பாடசாலைகளுமே. போரிலே கூரையிழந்தபோதும் மரநிழலிற் கூடி எம் பிள்ளைகளைக் கைவிடாதவை அவை.

அந்த நாற்றுமேடையை இன்று நாமே வாட விடுகிறோம். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைப் பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்புகின்றனர். ஊர்ப் பாடசாலையில் எஞ்சுவோர் கூலியாளின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையுமே. மாணவர் தொகை குறையவே ஆசிரியர் தொகையுங் குறைகின்றது. ஆசிரியர் குறைய மாணவர் மேலுங் குறைகின்றனர். முடிவிலே கதவு சாத்தப்படுகின்றது. மாடிவீட்டுப் பிள்ளைக்குப் பேருந்து உண்டு; குடிசைப் பிள்ளைக்கு அடுத்த பாடசாலை எத்தனை கல் தொலைவில்?

இந்நிலைக்கு ஒரு காரணம் எமது மனப்பான்மை. காணி கொடுத்தும், கல் சுமந்தும், பிடியரிசி சேர்த்தும் எம் முன்னோர் கட்டிய பாடசாலைகள் பல. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னர், பாடசாலை அரசாங்கத்தின் சொத்து, எமக்கென்ன என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. நிருவாகம் கைமாறியது மெய், பிள்ளைகள் கைமாறவில்லையே!

அரசாங்கத்தின் கடமை தெளிவானது. வன்னியிலும் மலையகத்திலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்கப் போதிய ஆசிரியரை நியமித்து, அவர்கள் அங்கே தங்குவதற்கு விடுதியும் அமைத்தல் வேண்டும். சிறு பாடசாலையை மூடுமுன் அதன் பிள்ளைகளுக்கு மாற்று வழி காட்டுதல் வேண்டும்.

எமது கடமையும் அதனினுஞ் சிறிதன்று. ஊர்ப் பாடசாலையிற் கற்று உயர்ந்த வைத்தியரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் மாதமொரு நாளேனும் அவ்வகுப்பறைக்குத் திரும்புவாராக. வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் பெரிய கல்லூரிகளின் மண்டபங்களுக்கு வழங்குவதிற் சிறு பங்கையாவது சிற்றூர்ப் பாடசாலைக்கு ஒதுக்குக. கமக்காரர் தம் தோட்டங்களை விவசாயம் பயிலும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுக.

இளைஞர் தம் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டனர். மூத்தோரே, எஞ்சிய பங்கு எம்முடையது. கன்று வாடியபின் வானத்தை நோவதிற் பயனில்லை. இன்றே நீர் பாய்ச்சுவோம்!