மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போறவைக்கு

கம்பஸ் முடிச்சு மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போறதெண்டால் நாங்கள் முதலில கேட்கிறது சம்பளத்தைத்தான். அது பிழையில்லை. ஆனால் அங்கே வெள்ளி, சனி லீவு. ஞாயிறு பள்ளிக்கூடம் என்று பழகிவிட்டால் மட்டும் போதுமா?

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பது திவெஹியில். அதன் தானா எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். சிங்களத்துக்கு உறவான மொழி என்பதால் சிங்களம் தெரிந்தவர்களுக்குச் சில சொற்கள் பிடிபடும். அதைக்கூடப் படிக்காமல் ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தால், பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடங்களில், இடமாற்றம் எப்ப வருமெண்டு பார்த்திருந்த சேர்மாரிடம் படிச்ச எங்களுக்கு இது தெரியாததா? அங்கே போய் நாங்களும் அப்படி ஒரு சேராக, டீச்சராக இருக்கக்கூடாது.