வீட்டில் நிறுத்தப்படும் பிள்ளை

எமது பள்ளியின் ஆண்டுவிழா மேடையில் தம் பிள்ளை ஏறுவதைக் காண விரும்பாத பெற்றோர் இலர். எனினும் விழா நாளன்று ஒரு சில இல்லங்களில் ஒரு பிள்ளை மட்டும் வீட்டிலேயே நிறுத்தப்படுகின்றது. “அவனுக்கு ஓட்டிசம் சேர், சனம் கதைக்கும்” என்று தாயார் ஒருவர் தாழ்ந்த குரலில் எம்மிடம் கூறினார்.

ஓட்டிசம் என்னும் சொல் நாம் வாழும் இந்நாட்டிலேயே பிறந்தது. சூரிச் மனநல மருத்துவர் ஒய்கன் புளொய்லர் 1910ஆம் ஆண்டளவில் வேறொரு நோயின் அறிகுறியைக் குறிக்க அதனை ஆக்கினார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் அச்சொல்லைச் சிறுவர் சிலரின் தனித்தன்மையான வளர்ச்சி நிலைக்கு வழங்கினார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணமெனப் பின்னர் பழி எழுந்தது. அது பொய்யென ஆய்வுகள் என்றோ காட்டிவிட்டன. எம்மவர் வாய்கள்தாம் இன்னும் ஓயவில்லை.

இப்பிள்ளைகளுக்கு என்ன எதிர்காலம் என வினவுவோர் எரிக் கார்சியாவை அறிதல் நன்று. மெக்சிக்க வழிவந்த இவ்வமெரிக்கர் ஓட்டிச நிலையுடன் வளர்ந்து, வடகரோலினாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, வாஷிங்டனில் அரசியற் செய்தியாளரானார். தம்மைப் போன்றோரை நாடெங்கும் தேடிச் சந்தித்து 2021இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர், ‘நாங்கள் உடைந்தவர்கள் அல்லர்’ எனப் பொருள்படும்.

இதில் எமக்கு வியப்பில்லை. விடை தெளியும்வரை கேட்டதையே கேட்டல், பிறர் காணாத சிறு பிழையைக் காணல், ஒரு பொருளையே பற்றி நிற்றல் ஆகியன செய்தியாளருக்கு வேண்டிய குணங்கள். இவற்றையே நாம் அதிகப்பிரசங்கித்தனம் என்றோம். எல்லாப் பிள்ளைகளும் செய்தியாளராவர் என்று கூறவில்லை; பேச்சே வராத பிள்ளைகளும் உளர். அவர்களுக்கும் இங்கு இடம் வேண்டும்.

ஊரில் எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பத்திரிகையைத் தலைப்பு முதல் மரண அறிவித்தல் வரை ஒப்புவிப்பான். எம் முகத்தை மட்டும் பாரான். மரியாதையில்லை என்றெண்ணிப் பிரம்பெடுத்தோம். அவன் நிலை யாதெனச் சொல்ல நாம் மருத்துவரல்லர். அடித்தது பிழை என்பது மட்டும் தெரியும். அவன் இன்று எங்குளான் என அறியோம்.

இரு மொழிகள் இப்பிள்ளைகளைக் குழப்புமென அஞ்சித் தமிழை நிறுத்தும் பெற்றோர் உளர். அவ்வச்சத்திற்கு ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை. அம்மம்மாவுடன் பேசும் மொழியை ஏன் பறிக்கவேண்டும்?

மண்டப இரைச்சல் ஒவ்வாத பிள்ளைக்கென இவ்விழாவில் அமைதியான அறையொன்றை ஒதுக்குமாறு நிர்வாகத்தினரை வேண்டியுள்ளோம். அழைத்து வாருங்கள். திறப்பு எம்மிடமே இருக்கும்.